ஒரே ஒரு துளை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. இந்த வீட்டில் அப்படி இருப்பது அது ஒன்றுதான். நீயும் உன் மனைவியும் சுகமா? உனக்கு இரத்த அழுத்தம் ஏறியிருப்பதாக அவள் சொன்னாள். உப்பைக் குறை.

உன் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். பழைய இராணுவ ரிவால்வர் உறைகளை அடையாளம் காண்பது எப்படி என்று சேகரிப்பாளர்களுக்குச் சொல்லித்தர நீ இருக்கிறாய். ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்று உனக்குச் சொல்லித்தர நான் இருக்கிறேன். 'தையலைப் பார்த்து, நூலைப் பார்த்து, முத்திரையைப் பார்த்து' என்று மூச்சு வாங்காமல் ஓடுகிறாய். கான்வென்டில் எங்கள் சிஸ்டர் பார்த்திருந்தால் உன்னை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணனின் படைப்பிரிவு தனக்கென ஒரு காட்சிக்கூடம் கட்டுகிறது. அதன் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற ஒரு மேஜர், போன வாரம் வீட்டுக்கு வந்தார். ஹால் சுவரில் தொங்கும் உறையைப் பார்த்ததும் உட்காரவே மறந்துவிட்டார். "எதிரியோட குண்டு துளைச்ச உறை! மேடம், இது எங்க கூடத்துல இல்லாம வேற எங்க இருக்கணும்?" என்றார். பாலத்துச் சண்டைக்கு முந்தின நாள் உன் அண்ணன் உளவு பார்க்கப் போனதையும், மறைந்திருந்தவன் சுட்ட குண்டு உறையைத் துளைத்து, உள்ளே ரிவால்வரில் பட்டு வேகம் குறைந்து, அவருடைய கெண்டைக்காலில் இறங்கியதையும் சொன்னேன். நம் குடும்பத்தில் தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த கதை. கண்ணாடிப் பெட்டி வைப்பார்களாம். அதன் கீழே பித்தளைப் பலகையில், அவர் போய் இத்தனை வருடத்துக்குப் பிறகு, உன் அண்ணன் பெயர். திறப்பு விழா ஆகஸ்டில்.

ஒரு நிபந்தனை உண்டு. விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்து, உறை இன்னது, துளை இன்னவிதமானது என்று சான்று எழுதித் தர வேண்டும். உன் பெயரை அவரே சொன்னார். போலி என்றால் கூடப்பிறந்தவன் பொருளாக இருந்தாலும் போலி என்று எழுதுகிறவன் நீ என்று வெளியில் பெயராம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மருமகன் அலுவலக வேலையாக உன் ஊருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடு. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. லென்ஸைத் துடைத்துத் தருகிறேன் என்று உன் அண்ணனின் பைனாகுலரை நீ வாங்கிப் போனதை நான் மறக்கவில்லை. இன்னுமா துடைக்கிறாய்?

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 2

அண்ணிக்கு வணக்கம்.

இங்கே நாங்கள் சௌக்கியம். உப்பைக் குறைத்ததில் சாப்பாட்டில் ருசியும் வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டன. உங்கள் முழங்காலுக்கு என் அனுதாபங்கள். உங்களை எதிர்த்து நிற்க அதற்காவது தைரியம் வந்ததே.

உறை பத்திரமாக வந்து சேர்ந்தது. "டீ ஆறுது, முதல்ல உட்காருங்க மாப்பிள்ளை" என்றேன். "சின்ன மாமா, முதல்ல கையெழுத்து. அத்தை சொல்லியிருக்காங்க" என்று வாசலிலேயே நின்றார். அவர் உங்களுக்கு மருமகனா, காவல்காரரா?

மேலோட்டமாகப் பார்த்ததிலேயே மனசு நிறைந்துவிட்டது. மூடியின் உள்பக்கத்தில் தயாரித்தவரின் முத்திரை, ஆண்டு, சோதித்து ஏற்றவரின் சின்ன முத்திரை, மூன்றும் இருக்கின்றன. மூன்றும் தோலுக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன் அடித்தவை. எழுத்துகளின் அடிவரை சாயம் இறங்கியிருப்பதே அதற்குச் சாட்சி. போலி செய்கிறவன் சாயம் ஏறிய பழந்தோலில் பிறகு அடிப்பான். எழுத்தின் அடி வெளுத்துக் கிடக்கும். நூலும் அந்தக் காலத்து நூல்தான். ரிவால்வரில் தோட்டாக்கள் நிற்கும் உருளை வருடக்கணக்காக உட்கார்ந்த இடத்தில் தோல் தொப்பை போட்டிருக்கிறது, என்னைப் போல. இடுப்பு வார் நுழையும் வளையத்தில் மட்டும் தையல் வேறாக இருக்கிறது. அது யார் கைவேலை?

ஒரே குறை, நீங்கள் வாரம் தவறாமல் தேய்த்த மெழுகு! முத்திரை எழுத்துகளைத் தேடி எடுக்க வேண்டியதாகிவிட்டது. பழம்பொருளை இப்படிப் பளபளப்பாக்கக் கூடாது என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறேனே. அதில் காற்புள்ளியை மட்டும்தான் பார்த்தீர்களா?

இனி உள்பக்கத்தை விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். சான்று அடுத்த வாரம் தபாலில் வரும். நான்கிலிருந்து ஏழு வரையான அத்தியாயங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மையைக் கொஞ்சம் சிக்கனமாகச் செலவழியுங்கள்.

பைனாகுலர் அண்ணன் எனக்கு ஆசையாகக் கொடுத்தது. எத்தனை தடவை சொல்வது?

என்றும் உங்கள் தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சௌக்கியத்துக்குக் குறைவில்லை. உன் சௌக்கியம் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை, எழுதினால்தானே தெரியும். 'சான்று அடுத்த வாரம்' என்று எழுதியவன் நீ. உங்கள் ஊரில் வாரத்துக்கு எத்தனை நாள்?

மேஜர் மறுபடியும் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார் பார்த்துட்டாங்களா மேடம்?" என்றார். பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்றேன். என் மகள் உன் வீட்டுக்குப் பேசினாள். "பின்னறையில வேலையா இருக்கார், அப்புறம் பேசச் சொல்றேன்" என்று உன் மனைவி சொன்னாளாம். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை.

வளையத்தில் இருப்பது என் தையல். பழைய தையல் விட்டுப்போனபோது நானே போட்டேன். ஒவ்வொரு துளையிலும் நூல் இரண்டு பக்கமிருந்தும் போய்வரும் தையல், கான்வென்டில் கற்றது. வேறு யாரும் அவ்வளவு நெருக்கமாகப் போட மாட்டார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குப் புரிந்தால் சரி.

நான்காம் அத்தியாயம் திருத்தியாயிற்று. 'சந்தேகம்தான் நல்ல சேகரிப்பாளனின் முதல் கருவி' என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறாய். புத்தகம் முழுவதிலும் நான் கை வைக்காமல் விட்ட வாக்கியம் அது ஒன்றுதான்.

பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணி


மார்ச் 29

அண்ணிக்கு வணக்கம்.

தாமதத்துக்கு மன்னியுங்கள். கொஞ்சம் தலைசுற்றல். இப்போது தேவலை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு.

உறை விஷயமாக யோசித்தேன். காட்சிக்கூடங்களின் விளக்குச் சூடு தோலுக்கு ஆகாது. சில வருடங்களில் வெடித்துவிடும். வருகிறவர்கள் கண்ணாடியில் மூக்கைத் தேய்ப்பார்கள். அண்ணன் இடுப்பில் கிடந்த பொருளை அப்படி வைப்பதா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை.

என் அலமாரியில் அதே தயாரிப்பாளர், அதே ஆண்டு, அதே முத்திரையோடு இன்னோர் உறை இருக்கிறது. துளை இல்லாதது, நல்ல நிலையில் உள்ளது. அதை மேஜருக்குக் கொடுத்துவிடலாம். 'இன்ன அதிகாரி காலத்து உறை' என்று போட்டுக்கொள்ளட்டும், பொய்யும் இல்லை. அதற்கு இன்றைக்கே சான்று எழுதித் தருகிறேன். அண்ணனுடையது குடும்பத்திலேயே இருக்கட்டும். உங்களுக்குச் சம்மதமானால் என்னிடமே இருக்கட்டும். ஈரம் படாமல் பார்த்துக்கொள்வேன்.

ஐந்தாம் அத்தியாயத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணை வருத்திக்கொள்ள வேண்டாம்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 7

தம்பிக்கு,

நான் உயிரோடும் தெளிவோடும் இருக்கிறேன். இரண்டையும் நீ கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது.

உன் கடிதத்தை மகளுக்குப் படித்துக் காட்டினேன். "அம்மா, சித்தப்பா நல்லதுக்குத்தான் சொல்றார்" என்றாள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று இருக்க அவளால் முடியும். அவள் அப்பாவைக் கொண்டிருக்கிறாள். நான் என் அப்பாவைக் கொண்டவள். பூனையைப் பூனை என்றுதான் சொல்வேன்.

விளக்குச் சூடாம், மூக்குத் தேய்ப்பாம்! காட்சிக்கூடத்துக்கு உன் அலமாரியிலிருந்து ஆள் மாறாட்டம் செய்து ஓர் உறை. உன் அலமாரிக்கு என் சுவரிலிருந்து ஓர் உறை. துளை விழுந்த உறை உங்கள் கூட்டத்தில் எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? உன் முதல் அத்தியாயத்தை மூன்று தடவை திருத்தியவள் நான். 'போர்க்களத்தின் அடையாளத்தோடு கிடைக்கும் உறைக்கு ஈடு இல்லை' என்று அதில் எழுதியது யார்? அதுவும் பொய் என்று தெரிந்தவன் போல 'பொய்யும் இல்லை' என்று வேறு சேர்த்திருக்கிறாய். பொய் இல்லாத இடத்தில் அந்த வார்த்தைக்கு என்ன வேலை?

உன் அண்ணன் உன்னைப் படிக்க வைத்தார். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளையைவிட அதிகமாக ஓடியவர் அவர். காலை இழுத்துக்கொண்டு ஓடினார். அவர் பெயர் ஒரு பலகையில் ஏறப்போகிற நேரத்தில் குறுக்கே நிற்கிறாய்.

உறையைத் திருப்பி அனுப்பு. எங்கள் உறையை. வேறொன்று வந்தால் எனக்குத் தெரியும். சான்று எழுத உலகத்தில் நீ ஒருவன் மட்டும் இல்லை.

அண்ணி


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தங்கச்சி போலப் பழகிய உரிமையில் எழுதுகிறேன். சௌக்கியமாக இருக்கிறீர்களா? நான் இருக்கிறேன். இவர்தான் இல்லை.

நீங்கள் என்ன எழுதினீர்கள் அக்கா? கடிதத்தைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "அண்ணி திட்டியிருக்காங்களா?" என்று கேட்டேன். "திட்டட்டும், அது பரவாயில்ல" என்றார். எது பரவாயில்லையாக இல்லை என்று சொல்லவில்லை. அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்கு வீட்டுக்குள்ளேயே பயம்.

இரண்டு நாளாகப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஸ்பிரிட் வாசம் சமையலறை வரை வருகிறது. "என்ன பண்றீங்க?" என்றால், "துடைக்கிறேன்" என்கிறார். இந்த மனுஷன் இந்த வீட்டில் ஒரு தம்ளரைத் துடைத்துப் பார்த்ததில்லை அக்கா.

நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தேகப்படுவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் இவரைச் சந்தேகப்பட்டால் அதில் நியாயம் உண்டு, கட்டிக்கொண்டவள். உங்களுக்கென்ன?

அன்புடன்,
உங்கள் ஓரகத்தி


மே 3

அண்ணிக்கு வணக்கம்.

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

உறையைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்களுடையதுதான். சரிபார்த்துக்கொள்ளுங்கள். சான்று இப்போதைக்கு இல்லை. வேறு யாரிடமும் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஏழாம் அத்தியாயத்தைத் திருத்த வேண்டாம். மாற்றி எழுதப்போகிறேன். படிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தம்பி


மே 20

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் பார்சல் வந்தது.

மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் உறையை வைத்து, உன் அத்தியாயங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ சொல்லிக்கொடுத்தபடியே பார்த்தேன். எடுத்த எடுப்பிலேயே மூடியின் மேல் ஒரு பள்ளம். கட்டைவிரல் நகம் அளவு. எங்கள் உறையில் நான் அதைக் கண்டதே இல்லை. "பார்த்தியா, மாத்திட்டான்!" என்று கத்திவிட்டேன். மகள் குளியலறையிலிருந்து ஓடிவந்தாள். முத்திரையைப் பார்த்தேன், சரி. ஆண்டு சரி. பிறகு வளையத்தைத் திருப்பினேன். என் தையல். உலகத்தில் அதைப் போல இன்னொன்று கிடையாது. ஆகவே உறை எங்களுடையதுதான். உன்னைத் திருடன் என்று நினைத்ததற்கு வருந்துகிறேன். வருத்தம் என்ற சொல்லை நான் அதிகம் செலவழிப்பதில்லை, பத்திரமாக வைத்துக்கொள்.

திருடன் இல்லை என்றால், ஏன் இத்தனை நாடகம்? படிக்காதே என்று சொன்ன அத்தியாயத்தை எடுத்தேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அதில் எழுத்துப் பிழை மட்டும்தான் பார்த்திருப்பேன். தலைப்பு 'சேதங்கள்'. அதில் நீ எழுதியது:

'வெளியிலிருந்து வந்த குண்டு இரண்டு துளை போடும். இல்லையேல் ஒரு துளை போட்டு உள்ளே தங்கும். ஒரே துளை இருந்து, உள்ளே குண்டும் இல்லாவிட்டால், அது உறைக்குள்ளிருந்தே புறப்பட்ட குண்டு. துளையின் ஓரம் வெளிப்பக்கம் மலர்ந்திருக்கும். உள்பக்கம் கருகியிருக்கும்.'

வாக்கியங்கள் நன்றாக இருக்கின்றன. திருத்த ஒன்றும் இல்லை.

நம் உறையின் அடி மூடித் தைத்தது. துளை ஒன்றுதான், கீழ்முனையில். இத்தனை வருடம் அதைத் துடைத்திருக்கிறேன். உள்ளே நுழைந்த குண்டு உன் அண்ணன் காலில் இறங்க வேண்டுமானால் எந்த வழியாக வெளியே போனது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. நகத்தால் தடவினேன். ஓரம் வெளிப்பக்கம் உதடு பிதுங்கியிருக்கிறது. கைக்குட்டையைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டேன். கருப்பாக வந்தது.

எதிரி சுடவில்லை. அவருடைய ரிவால்வர்தான் சுட்டது. இது உனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும்.

மறுநாள் பாலம். காலில் கட்டோடு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரோடு இருந்தவர்களில் பாதிப் பேர் அதைத் தாண்டித் திரும்பவில்லை. காட்சிக்கூடத்தில் எதிர்ச்சுவர் முழுவதும் அவர்கள் பெயர்கள்தான் என்று மேஜர் சொன்னார். படைப்பிரிவின் வருட விருந்துக்கு உன் அண்ணன் ஒரு தடவையும் போனதில்லை. கால் வலி என்பார். தற்பெருமை பேசப் பிடிக்காதவர் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரே ஒரு கேள்வி. நீ நிபுணன், நிபுணனாகப் பதில் சொல். மூடிப் பொத்தானிட்ட உறைக்குள் ஒரு ரிவால்வர் தானாக வெடிக்குமா? அல்லது அதற்கு ஒரு கை வேண்டுமா?

அண்ணி


ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பையும் மனசையும் நினைத்துக் கவலையாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

கேட்டதற்குப் பதில்: கை வேண்டியதில்லை. அந்தக் கால ரிவால்வரின் பின்னால் குதிரை என்று ஓர் இரும்புக் கொக்கி உண்டு. தோட்டாவை அடித்து வெடிக்க வைப்பது அதுதான். அதன் நேர்கீழே தோட்டா இருக்கும்போது, வெளியிலிருந்து குதிரையின் மேல் பலமாக அடிபட்டால் போதும், வெடித்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் உருளையில் அந்த ஓர் அறையைக் காலியாக விடுவார்கள். சண்டை நெருங்கும்போது யார் காலியாக விடுவார்கள்? அண்ணனும் நிரப்பித்தான் வைத்திருப்பார்.

நீங்கள் கண்ட பள்ளம் இருக்கிறதே, அது குதிரைக்கு நேர் மேலே இருக்கிறது. இருட்டில் பாறை மேல் விழுந்திருக்கிறார் அண்ணி. கல் குதிரையை அடித்திருக்கிறது. குண்டு காலில் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. தடுக்கி விழுந்து தன் குண்டாலேயே அடிபட்டேன் என்று சொல்ல எந்த அதிகாரிக்கு வாய் வரும்? அதனால் எதிரி சுட்டதாகச் சொல்லிவிட்டார்.

பள்ளம் எப்போதும் இருந்ததுதான். நீங்கள் மெழுகு தேய்த்துத் தேய்த்து அதை நிரப்பிவிட்டீர்கள். கைக்குத் தெரியாமல் போயிற்று. நான் ஊசிமுனையால் அந்த மெழுகைக் கிளறி எடுத்தேன், வேறொன்றும் செய்யவில்லை. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் கதை உடையுமே என்று தயங்கினேன்.

சான்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பள்ளம் பழையது, துளை விபத்தால் ஏற்பட்டது என்று என் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். மேஜரிடம் கொடுங்கள். விபத்தில் அவமானம் இல்லை. அண்ணன் பெயர் பலகையில் ஏறட்டும்.

உங்கள் அன்புத் தம்பி


ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இரு. உன்னால் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் அழுதேன். நிம்மதியில் அழுதேன். பாறை, இருட்டு, தடுக்கி விழுந்த மனிதர்: கண்ணால் பார்த்தது போல இருந்தது. மேஜரை மறுநாளே வரச் சொன்னேன். அவர் வருவதற்குள் உறையைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தேன். விரல் பள்ளத்தில் இறங்கியது.

இந்த மூடியின் மேல் என் விரல் எத்தனை வருடம் நடந்திருக்கிறது! மெழுகு மேட்டை நிரப்பாது, பள்ளத்தை நிரப்பும், அது உண்மைதான். ஆனால் அத்தனை வருடம் மெழுகு உட்கார்ந்த இடத்தை ஊசியால் கிளறினால், மேலே இருப்பதுதான் போகும். தோலுக்குள் ஊறியது எங்கே போகும்?

ஒரு கரண்டித் தண்ணீர் எடுத்து வந்தேன். மூடியின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன். முத்தாக உருண்டு நின்றது. நடுவில் விட்டேன். நின்றது. வளையத்தின் மேலும் நின்றது. பள்ளத்தில் விட்டேன். என் கண் முன்னாலேயே தோல் அதைக் குடித்துவிட்டது.

அந்த இடத்தில் மட்டும் மெழுகு வேரோடு போயிருக்கிறது. ஊசிக்கு அந்தச் சக்தி கிடையாது; ஸ்பிரிட்டுக்கு உண்டு. உன் மனைவிக்குச் சமையலறை வரை வந்த வாசம் எதற்கென்று இப்போது புரிகிறது. மெழுகைக் கரைத்தாய். தோலை நனைத்து இளக்கினாய். கல்லாலோ சுத்தியாலோ அடித்தாய். நான் உறையைத் திருப்பிக் கேட்ட பிறகு, எப்படியும் நான் துளையைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று தெரிந்து, எனக்காக ஒரு பாறையைச் செய்து அனுப்பினாய். போலியைக் கண்டால் கூடப்பிறந்தவன் என்றும் பார்க்காதவன் என்று உனக்குப் பெயர். கூடப்பிறந்தவனுக்காகப் போலி செய்யவும் நீ துணிந்தாய், அதன் கீழ் உன் பெயரையும் எழுதினாய்.

சான்றைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அது வேறு கண்ணில் பட்டிருந்தால், இத்தனை வருடம் நீ சேர்த்த பெயர் போயிருக்கும். தண்ணீர்ச் சொட்டு எனக்கு மட்டும் சொந்தமா?

மேஜர் வந்தார். கொடுக்க முடியாது என்றேன். மனிதர் திகைத்துப்போனார். "மேடம், பலகை கூட எழுதியாச்சு. சான்று வரலேன்னா நாங்க காத்திருக்கோம்" என்றார். "சான்றும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்குப் பிரிய மனசில்ல" என்றேன். "நாட்டுக்காகக் கொடுக்கிறது..." என்று ஆரம்பித்தார். "நாட்டுக்கு அவர் கால் போதும்" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு டீயை அவர் பக்கம் நகர்த்தினேன். டீ குடிக்காமல் எழுந்து போனார். "எவ்வளவு கெஞ்சினாரு, ஒரு பழைய தோலுக்காக இப்படியா அம்மா? பிடிவாதக் கிழவின்னு ஊரெல்லாம் சொல்லும்" என்றாள் மகள். சொல்லட்டும். உண்மையைவிட அது எவ்வளவோ மேல். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை; நீயும் சொல்லக் கூடாது. அவள் அப்பா அவளுக்கு அப்படியே இருக்கட்டும்.

அந்த எதிர்ச்சுவருக்கு முன்னால் அவர் பெயரை மாட்ட என்னால் முடியாது. விபத்தாகவும் இருந்திருக்கலாம். உறையில் செருகும்போது கை தவறியிருக்கலாம். தவறாமலும் இருந்திருக்கலாம். மறுநாள் பாலம் என்று தெரிந்த இருபத்தைந்து வயதுப் பையன் அவர். நான் பார்த்த மனிதர் இல்லை. எப்படி நடந்தது என்று தோல் சொல்லும். ஏன் என்று சொல்லாது. உன் புத்தகத்தில் அதற்கு அத்தியாயம் இல்லை, என்னிடமும் இல்லை.

ஒரு விஷயம், திருத்துகிறவளாகச் சொல்கிறேன். உன் பள்ளம் நன்றாக இல்லை. ஓரம் கூர்மையாக இருக்கிறது. வாழ்க்கையில் நீ செய்த முதல் போலி இதுதான் என்று பார்த்தாலே தெரிகிறது. இதுவே கடைசியாகவும் இருக்கட்டும்.

எனக்கு ஆத்திரம் இன்னும் தணியவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள். அவர் ஆயுள் முழுவதும் சொன்னார். நீ மூன்று பக்கத்தில் சொன்னாய். உட்கார வைத்து, முகத்தைப் பார்த்து, ஏன் என்று கேட்டுச் சண்டை போட எனக்கு இப்போது ஒருவன்தான் மிச்சம் இருக்கிறாய். மனைவியையும் அழைத்துக்கொண்டு சீக்கிரம் வந்து சேர்.

அன்புடன்,
அண்ணி